மேக்னம் ரிவால்வர் வாங்கலாமா? இரண்டே துப்பாக்கி அனுமதிக்கும் நாட்டில் ஒரு கணக்கு

நீங்கள் டல்லாஸிலோ ஹூஸ்டனிலோ வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை ஆனால் ரேஞ்சுக்குப் போவது பழகிவிட்டது. வீட்டில் ஏற்கெனவே ஒரு பிஸ்டல், ஒரு ரைஃபிள். இப்போது பாயிண்ட் 357 மேக்னம் ரிவால்வர் ஒன்றின் மேல் ஆசை. அங்கே இது ஒரு வாட்ச் வாங்குவதைவிடக் கொஞ்சம் பெரிய முடிவு, அவ்வளவுதான். 21 வயது ஆகியிருக்க வேண்டும், கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று டெக்சாஸில் யாரும் எண்ணுவதில்லை. பையில் 1,000 டாலர் இருக்கிறதா, கை அதன் உதைப்பைத் தாங்குமா என்பதோடு யோசனை முடிந்துவிடும்.

அதே ஆசையோடு சென்னைக்கோ கோவைக்கோ திரும்பினால், அல்லது இங்கேயே உரிமம் வைத்திருப்பவர் அப்படி ஆசைப்பட்டால், கணக்கு தலைகீழாக மாறும். இங்கே 'கலெக்‌ஷன்' என்று ஒன்று கிட்டத்தட்ட கிடையாது. இருப்பது இரண்டு இடம். அதில் ஒன்றை மேக்னத்துக்குக் கொடுக்கலாமா என்பதுதான் உண்மையான கேள்வி.

மூன்று எப்படி இரண்டானது?

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்ற நிலை நீண்ட காலம் இருந்தது. 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் அதைத் திருத்தியது. மசோதா முதலில் வந்தபோது 'ஒருவருக்கு ஒன்று' என்றுதான் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டு என்று மாற்றி நிறைவேற்றினார்கள். மூன்றாவது துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்குள் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்றும் சொன்னது அந்தத் திருத்தம். தாத்தா, அப்பா வழியில் வாரிசாக வரும் துப்பாக்கியும் இந்த இரண்டுக்குள்தான் அடங்க வேண்டும்.

ஆக, வீட்டில் தாத்தாவின் பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று உங்கள் பெயரில் இருந்தால், உங்களுக்கு மீதி இருப்பது ஒரே ஒரு இடம்.

விதிவிலக்கு உண்டு. அங்கீகரிக்கப்பட்ட ரைஃபிள் கிளப் உறுப்பினர்கள், போட்டிகளில் சுடும் வீரர்கள் ஆகியோருக்குத் தனி வரம்புகள் இருக்கின்றன. 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிப்பில் சர்வதேசப் பதக்கம் வென்றவர்கள் போன்றோருக்கான எண்ணிக்கை 12 வரை உயர்த்தப்பட்டது. ஆனால் அந்தக் கதவு வழியாக மேக்னத்தைக் கொண்டுவருவது கடினம். ஒலிம்பிக்கில் கைத்துப்பாக்கிப் போட்டிகள் ஏர் பிஸ்டலிலும் பாயிண்ட் 22 தோட்டாவிலும்தான் நடக்கின்றன. 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில்கூட உதைப்பு குறைந்த பாயிண்ட் 32ஐத்தான் பெரும்பாலோர் எடுக்கிறார்கள். பதக்கம் வாங்கப்போகிறவருக்கு மேக்னம் ஒரு சுமை.

மேக்னம் என்றால் என்ன, அது ஏன் இங்கே தடையில் இல்லை?

1935இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் கொண்டுவந்தது பாயிண்ட் 357 மேக்னம். அதற்கு முன் அமெரிக்கப் போலீஸாரிடம் பரவலாக இருந்தது பாயிண்ட் 38 ஸ்பெஷல். அந்தத் தோட்டாவின் கூட்டை 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீட்டி, அழுத்தத்தை வெகுவாக ஏற்றினார்கள். நீட்டியதற்கு ஒரு காரணம் பாதுகாப்பு: இந்தப் புதுத் தோட்டா தவறுதலாகப் பழைய, பலம் குறைந்த ரிவால்வருக்குள் போய்விடக் கூடாது. 'மேக்னம்' என்ற பெயர் ஷாம்பெயின் பாட்டிலின் பெரிய அளவிலிருந்து வந்தது. இதன் அண்ணனான பாயிண்ட் 44 மேக்னம் 1955இல் வந்தது. 1971இல் 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் அதைப் பார்த்த பிறகுதான் உலகம் முழுக்க இந்தப் பெயருக்கு ஒரு மயக்கம் வந்தது.

எண்ணில் சொன்னால், நம் ஊரில் அதிகம் விற்கும் பாயிண்ட் 32 ரிவால்வரின் தோட்டாவைவிடப் பாயிண்ட் 357 மேக்னம் தோராயமாக நான்கு மடங்கு ஆற்றலோடு வெளியே வரும். சத்தம் 160 டெசிபலைத் தாண்டும்.

இப்போது ஒரு விநோதம். நான்கு மடங்கு பலம் கொண்ட இது இந்தியாவில் 'தடைசெய்யப்பட்ட விட்டம்' பட்டியலில் இல்லை. அதைவிடப் பலம் குறைந்த பழைய பாயிண்ட் 380, பாயிண்ட் 455 ரிவால்வர்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. காரணம், பட்டியல் போட்டவர்கள் பலத்தைப் பார்க்கவில்லை, ராணுவக் கிடங்கைப் பார்த்தார்கள். படையும் போலீஸும் பயன்படுத்திய தோட்டா எந்தத் துப்பாக்கியில் பொருந்துமோ, அது சாமானியருக்குக் கிடையாது. பிரிட்டிஷ் காலத்துச் சர்வீஸ் ரிவால்வர்களின் பாயிண்ட் 380 ரிம் தோட்டா, சர்வீஸ் 9 எம்எம், பாயிண்ட் 303 எல்லாம் அப்படி மாட்டியவை. அமெரிக்கத் தோட்டாவான மேக்னம் அந்தக் கிடங்கில் இருந்ததே இல்லை. பாயிண்ட் 380இன் கூடு சற்றுத் தடிமனானது என்பதால் மேக்னத்தின் அறையில் பொதுவாக நுழையவும் நுழையாது. சட்டத்தின் நோக்கம் கிடங்கிலிருந்து தோட்டா கசிவதைத் தடுப்பது. ஆபத்தின் அளவை அளப்பது அதன் வேலையாக இருக்கவில்லை. 'தடையில் இல்லை, அப்போ பெரிய பிரச்சினை இல்லை' என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

உரிமம் கேட்கும்போது என்ன காரணம் சொல்வீர்கள்?

சட்டத்தின் 13ஆவது பிரிவு துப்பாக்கிகளை இரண்டு விதமாகப் பார்க்கிறது. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உட்புறம் வழவழப்பான நீளத் துப்பாக்கி கேட்டால், மறுக்கக் காரணம் இல்லாதவரை உரிமம் தர வேண்டும். ரிவால்வர் அந்தப் பிரிவில் வராது. அதற்கு 'தக்க காரணம்' இருப்பதாக அதிகாரி திருப்தி அடைய வேண்டும். மாவட்டத்தில் ஆட்சியரிடம், சென்னை போன்ற நகரங்களில் போலீஸ் கமிஷனரிடம் போய், "கலெக்‌ஷனுக்கு ஒன்று குறைகிறது" என்று சொன்னால் என்ன பதில் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கதவு எவ்வளவு குறுகல் என்பதை உள்துறை அமைச்சகத்தின் எண்களே காட்டுகின்றன. 2016 டிசம்பர் நிலவரப்படி நாடு முழுக்க 33.69 லட்சம் உரிமங்கள். அதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் 22,532. 2011 மக்கள்தொகைக் கணக்கோடு வைத்துப் பார்த்தால், உ.பி.யில் சுமார் 156 பேருக்கு ஓர் உரிமம், தமிழ்நாட்டில் சுமார் 3,200 பேருக்கு ஒன்று. லக்னோவில் இருக்கும் உங்கள் ஆபீஸ் நண்பரின் அனுபவத்தை வைத்துச் சேலத்தில் திட்டம் போடாதீர்கள்.

தற்காப்பு என்ற காரணம் உண்மையாகவே உங்களுக்கு இருக்கலாம். அப்படியென்றாலும் மேக்னம் நல்ல பதிலா? பாரதிய நியாய சன்ஹிதாவின் தற்காப்புப் பிரிவுகள் தேவைக்கு மிஞ்சிய பலத்தை அனுமதிப்பதில்லை. அபார்ட்மென்ட் சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டுக்குள் போகும் சாத்தியம் எந்தத் தோட்டாவுக்கும் உண்டு, இதற்கு இன்னும் அதிகம். வேட்டை என்ற காரணமும் இங்கே எடுபடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதையை எப்போதோ முடித்துவிட்டது.

எங்கிருந்து வாங்குவது?

உள்நாட்டில் சாமானியருக்கு எளிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் பாயிண்ட் 32தான். கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014இல் பெண்களை மனதில் வைத்து அறிமுகப்படுத்திய 'நிர்பீக்' ரிவால்வரும் அதே விட்டம்தான். அப்போது அதன் விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய்.

மேக்னம் வேண்டுமென்றால் பெரும்பாலும் வெளிநாட்டுத் தயாரிப்புக்குத்தான் போக வேண்டியிருக்கும். தனிநபர்கள் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980களின் நடுப்பகுதியிலிருந்தே அடைபட்டுக் கிடக்கிறது. அதனால் நாட்டுக்குள் சுற்றுபவை அதற்கு முன் வந்தவை, வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் கொண்டுவந்தவை, சுங்கத்துறை பறிமுதல் செய்து எம்.பி.க்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு விற்றவை. இந்தச் சந்தை கிட்டத்தட்ட மயிலாப்பூர் மனை மாதிரி. புதிதாக உருவாகாது, கை மட்டும் மாறும். அதனால்தான் அமெரிக்காவில் ஆயிரம் டாலர் பொருள் இங்கே பல லட்சம். அந்த விலையில் தரத்துக்கான பங்கு குறைவு, தட்டுப்பாட்டுக்கான பங்கு அதிகம்.

தோட்டாவையும் யோசியுங்கள். மேக்னம் ரிவால்வரில் பாயிண்ட் 38 ஸ்பெஷல் தோட்டாவையும் போட்டுச் சுடலாம் என்பதுதான் அமெரிக்காவில் இதற்குச் சொல்லப்படும் பெரிய நன்மை. பயிற்சிக்கு அது மலிவு. இங்கே நீங்கள் வாங்கும் தோட்டாவின் விட்டமும் எண்ணிக்கையும் உரிமத்தோடு கட்டப்பட்டவை. அந்த நன்மையை நம்பி வாங்க வேண்டாம். உங்கள் ஊர் டீலரிடம் மேக்னம் தோட்டா வருகிறதா, வந்தால் என்ன விலை என்று முதலில் விசாரியுங்கள். சுட முடியாத ரிவால்வர் பீரோவில் கிடக்கும் பல லட்சம், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது கையோடு கொண்டுவந்தால்?

இதைத்தான் வெளிநாட்டுத் தமிழர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். குடியிருப்பை இந்தியாவுக்கு மாற்றிக்கொண்டு வருபவர் அனுமதிக்கப்பட்ட விட்டத்தில் ஒரே ஒரு துப்பாக்கி கொண்டுவரலாம் என்கிறது சுங்கத்துறையின் பயணிகள் வழிகாட்டி. ஆனால் நிபந்தனைகளைப் படியுங்கள். அது அங்கே குறைந்தது ஓராண்டு உங்களிடம் பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும். இந்தியாவில் செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும். சுங்க வரி கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் ஆயுள் உள்ளவரை அதை விற்கவோ, இரவல் தரவோ, வேறு வகையில் கைமாற்றவோ கூடாது.

ஆகவே டல்லாஸில் அடுத்து எதை வாங்குவது என்று யோசிக்கும்போதே, இதில் எந்த ஒன்றை ஆயுளுக்கும் வைத்துக்கொள்வேன் என்றும் யோசிக்க வேண்டும். உரிமம் கையில் வராமல் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் அது சுங்கப் பிரச்சினையோடு நிற்காது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்சத் தண்டனையே இரண்டு ஆண்டுகள், அதிகபட்சம் ஐந்து.

வீட்டில் இருப்பவர்களின் கணக்கு

வாங்கும் முடிவில் பெரும்பாலும் சேராத கணக்கு இது. கலிஃபோர்னியாவில் 2.63 கோடிப் பேரை 2004 முதல் 2016 வரை பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2020இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம், இல்லாத ஆண்களைவிடக் கிட்டத்தட்ட எட்டு மடங்கு. பெண்களில் 35 மடங்கு. இந்தியத் தரவு இல்லை, அமெரிக்கத் தரவு. ஏற்கெனவே ஒரு துப்பாக்கி இருக்கும் வீட்டில் இரண்டாவது எவ்வளவு ஆபத்தைக் கூட்டும் என்று அந்த ஆய்வு சொல்லவும் இல்லை. எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது 2022இல் 'அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' வெளியிட்ட தொடர் ஆய்வு. கைத்துப்பாக்கி உரிமையாளரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் தம் கணவர், மனைவி அல்லது துணையாலேயே வீட்டில் சுட்டுக்கொல்லப்படும் விகிதம், மற்றவர்களைவிட ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் 84 சதவீதம் பேர் பெண்கள். எந்த விட்டம் என்று பேசிக்கொண்டிருப்பவர் நீங்கள். அந்த எண்ணுக்குள் வருகிறவர் பக்கத்து அறையில் இருக்கலாம். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அப்போ என்னதான் செய்யலாம்?

சுடுவதுதான் பிடிக்கும் என்றால் கிளப்பில் சேருங்கள். ஏர் பிஸ்டலில் ஆரம்பியுங்கள். ரிவால்வரின் இயந்திர அழகுதான் இழுக்கிறது என்றால், 2020 அறிவிப்பு 'கியூரியோ' வகைச் சிறு ஆயுதங்களை உரிமம் இல்லாமல் வைத்திருக்க வழி விட்டிருக்கிறது. அதை எடுத்துச் செல்லவோ பயன்படுத்தவோ உரிமம் வேண்டும், உரிமத்தில் பதிவு இல்லாமல் தோட்டா கிடைக்காது. எது கியூரியோ என்று விற்பவர் சொல்வதை நம்பாமல் உரிம அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூன்றாவதாக, இதற்கு முன்பே கைத்துப்பாக்கி உரிமம் இருக்கிறது, இரண்டாவது இடம் காலி, தோட்டா வரும் வழி தெரியும், வாரம் தவறாமல் ரேஞ்சுக்குப் போகிறவர் என்றால் மட்டும் மேக்னம் பேச்சை எடுக்கலாம். இந்த நான்கும் ஒன்றாக அமைந்தவர்கள் தமிழ்நாட்டில் மிகக் குறைவாகவே இருப்பார்கள். மற்றவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே.

வாங்கிய பிறகு மனம் மாறினால்? உள்நாட்டில் வாங்கியதை உரிமம் உள்ள இன்னொருவருக்கு விற்கலாம். ஆனால் ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். உரிமம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி அழைப்பு வரும். உங்களுக்குப் பின் அதை எடுத்துக்கொள்ளும் வாரிசு தன் பெயரில் உரிமம் வாங்க வேண்டும், அவருடைய இரண்டில் ஓர் இடம் காலியாகவும் இருக்க வேண்டும். அதுவரை அது காவல் நிலையத்திலோ டீலர் கடையிலோதான் இருக்கும்.