பெயரைப் பார்த்தா நீதி?

கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டால் வீட்டைப் பங்கு போடலாம். கடையைப் பங்கு போடலாம். பெற்ற பிள்ளையைப் பங்கு போட முடியாது. ஒருவர் ஒரு நாட்டிலும் மற்றவர் வேறு நாட்டிலும் வாழ்ந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. ஒரு நாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பை இன்னொரு நாடு மதிக்குமா?

அமெரிக்காவில் இதைப் பெரும்பாலும் முடிவு செய்வது மாநிலச் சட்டங்கள்தாம். நம் இளைஞர்களும் அங்கே பணியாற்றுகிறார்கள். கடத்தப்படும் குழந்தைகளைத் திருப்பி அனுப்புவதற்கான 1980ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. எனவே சென்னைக் குடும்ப நீதிமன்றத்தின் தீர்ப்பை அங்கே நிறைவேற்ற வேண்டுமானாலும் அந்தந்த மாநில நீதிமன்றத்தின் படியைத்தான் ஏற வேண்டும். ஆகவே இது நமக்குத் தொடர்பில்லாத விஷயமல்ல.

இரண்டு வழக்குகளைப் பாருங்கள். மகன் ஏழு வயதானதும் தகப்பனிடம் போக வேண்டும் என்ற விதியின்படி காஸாவின் ஷரீஅத் நீதிமன்றம் தந்த தீர்ப்பை 1994இல் நியூஜெர்சி நீதிமன்றம் ஏற்க மறுத்தது. பிள்ளையின் நலன் எது என்று பாராமல் வயதை மட்டும் பார்த்துத் தீர்க்க முடியாது என்றது. ஆனால் 1996இல் மேரிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், மகளைத் தகப்பனிடம் ஒப்படைக்கச் சொன்ன பாகிஸ்தான் நீதிமன்றத்தின் தீர்ப்பை ஏற்றது. அங்கே ஹிளானத் சட்டம் கருத்தில் கொள்ளப்பட்டிருந்தாலும், பிள்ளையின் நலனும் பார்க்கப்பட்டிருக்கிறது என்று அது கண்டது.

ஒன்று ஏற்கப்பட்டது, ஒன்று மறுக்கப்பட்டது. இரண்டிலும் நீதிபதிகள் தீர்ப்பைத் திறந்து படித்தார்கள். 'இது முஸ்லிம்களின் சட்டம்' என்று சொல்லிக் கோப்பை மூடிவிடவில்லை. நாம் கேட்பதும் இவ்வளவுதான்.

1997இல் வகுக்கப்பட்டு, ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்ட பொது மாதிரிச் சட்டமும் இதே வழியில்தான் அமைந்தது. அயல்நாட்டை அண்டை மாநிலத்தைப் போலவே கருத வேண்டும். குழந்தை கடைசியாக ஆறு மாதம் தொடர்ந்து வாழ்ந்த இடத்து நீதிமன்றத்துக்கே முன்னுரிமை. எதிர்த்தரப்புக்கு முன்னறிவிப்பும் பேச வாய்ப்பும் தரப்பட்டிருக்க வேண்டும். இவை சரியாக இருந்தால் தீர்ப்பை நிறைவேற்றியாக வேண்டும். அந்நாட்டின் குழந்தைப் பராமரிப்புச் சட்டம் அடிப்படை மனித உரிமைகளை மீறினால் மட்டுமே மறுக்கலாம். பார்க்க வேண்டியது குழந்தைப் பராமரிப்புச் சட்டத்தை மட்டுமே, அந்நாட்டின் மற்றச் சட்டங்களை அல்ல என்றும் விளக்கம் எழுதி வைத்தார்கள்.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? இப்படியிருக்க, 'ஷரீஅத் வருகிறது' என்று பூச்சாண்டி காட்டத் தொடங்கினார்கள். 2010இல் ஓக்லஹோமா மாநிலத்தில், நீதிமன்றங்கள் ஷரீஅத்தைக் கருத்தில் கொள்ளவே கூடாது என்ற திருத்தத்துக்குச் சுமார் 70 சதவீதம் பேர் வாக்களித்தனர். அம்மாநில நீதிமன்றங்கள் ஷரீஅத்தைப் பின்பற்றிய ஒரு நிகழ்ச்சியைக்கூட அரசுத் தரப்பால் காட்ட முடியவில்லை! மத்திய நீதிமன்றம் 2013இல் அதற்கு நிரந்தரத் தடை விதித்தது. அதே ஆண்டில் வட கரோலினா, மதத்தின் பெயரைச் சொல்லாமல், விவாகரத்து, குழந்தைப் பராமரிப்பு வழக்குகளில் அயல்நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பெயர்ப்பலகை மாறியது, நோக்கம் மாறவில்லை.

2021இல் வாஷிங்டன் மாநிலம் இன்னொரு விதியைச் சேர்த்தது. மதம் மாறுதல் போன்றவற்றுக்கு மரண தண்டனை விதிக்கும் நாடாக இருந்து, பெற்றோருக்கோ பிள்ளைக்கோ அதனால் ஆபத்து இருப்பதைக் காட்ட முடிந்தால், அந்நாட்டின் அதிகாரத்தை ஏற்கத் தேவையில்லை என்றது. உயிருக்கு அஞ்சும் தாய்க்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று எந்த முஸ்லிமும் சொல்ல மாட்டான். ஆனால் 'ஆபத்தைக் காட்ட வேண்டும்' என்ற நிபந்தனைதான் இந்த விதியின் உயிர்நாடி. நாட்டின் பெயரே ஆபத்துக்குச் சான்று என்று நீதிமன்றங்கள் கொள்ளுமானால் பாதுகாப்பு பாகுபாடாகிவிடும்.

அடுத்தவரிடம் நியாயம் கேட்கும் நாம், நம் வீட்டையும் பார்க்க வேண்டாமா? ஹனஃபி மத்ஹபில் மகனுக்கு ஏழு வயது என்பது எல்லை. ஷாஃபி மத்ஹபில் விவரம் தெரிந்த பிள்ளையிடமே விருப்பம் கேட்கப்படுகிறது. பொறுப்பேற்பவர் நம்பிக்கைக்குரியவராக, பிள்ளையைப் பேணும் திறனுள்ளவராக இருக்க வேண்டும் என்று சட்டமேதைகள் நிபந்தனை விதித்தார்கள். இத்தனையையும் விட்டுவிட்டு வயதை மட்டும் எண்ணித் தீர்ப்பளித்தால், ஷரீஅத்தை உலகத்தின் முன் தலைகுனிய வைப்பவர்கள் நாமே.

உமர் (ரலி) அவர்கள் மணவிலக்கு செய்த மனைவியிடம் ஆஸிம் என்ற மகன் இருந்தார். குபாவில் விளையாடிக்கொண்டிருந்த அவரைத் தூக்கித் தம் வாகனத்தில் உமர் (ரலி) அமர்த்திக்கொண்டபோது, பிள்ளையின் பாட்டி வழிமறித்தார். வழக்கு கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் போனது. பிள்ளையை அந்தப் பெண்ணிடமே விட்டுவிடும்படி தீர்ப்பானது. அத்தனை பெரிய உமர் (ரலி) மறுபேச்சுப் பேசவில்லை. முவத்தா பதிவு செய்திருக்கும் வரலாறு இது.

எனவே, வெளிநாட்டில் வாழும் சகோதரர்களே! மணவாழ்வு முறிந்தால் பிள்ளையை விமானத்தில் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். தகப்பனாயினும் தாயாயினும் வழக்கில் ஆஜராகுங்கள். முன்னறிவிப்பு போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். தீர்ப்பில் பிள்ளையின் நலன் ஆராயப்பட்ட விவரம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்லை தாண்டி நிற்கக்கூடிய தீர்ப்பு அதுதான். ஜமாஅத் நிர்வாகிகளும் உலமாக்களும் சமரசம் பேசும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பிள்ளை பந்தயப் பொருளல்ல. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். அதைப் பற்றிய தீர்ப்பை, தந்த நீதிமன்றத்தின் பெயரைக் கொண்டு எடை போடாதீர்கள் என்று அமெரிக்க மாநிலங்களுக்குச் சொல்வோம். எடை போட்டால் தாங்கும் தீர்ப்பாக அது இருக்கட்டும் என்று நமக்கும் சொல்லிக்கொள்வோம்.