ஓடுகிற சர்வரைத் தொடலாமா?



"ஓடுற வண்டியில கை வைக்காதே." கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்த நாள் முதல் இந்த அறிவுரையைக் கேட்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. சீனியர் அண்ணன்கள் சொல்கிறார்கள். இன்-பிளான்ட் ட்ரெயினிங் போன இடத்திலும் சொன்னார்கள். நான் சொல்ல வந்தது இதற்கு நேர் எதிரானது. கை வைக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கே, எத்தனை தடவை ஒத்திகை பார்த்துவிட்டு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நான் பேசுவது டேட்டாபேஸ் சர்வரைப் புதிய பெரும் பதிப்புக்கு மாற்றும் வேலையைப் பற்றி. நமக்கெல்லாம் பழக்கமான மை எஸ்.கியூ.எல்.லையே எடுத்துக்கொள்வோம். ('மை' என்றதும் பேனா மை ஞாபகம் வருகிறது அல்லவா? அது இதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் தன் மகளின் பெயரை எடுத்து வைத்தது!) இதன் 5.7 பதிப்பு 2015-ல் வந்தது. அடுத்து 2018-ல் நேராக 8.0 என்று எண் போட்டு வெளியிட்டார்கள். 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துபோனது. அதாவது, அதற்குப் பிறகு அதில் ஓட்டை இருப்பது தெரியவந்தாலும் அடைத்துக் கொடுக்க ஆள் இல்லை. சர்வர் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். பூட்டு துருப்பிடித்த வீட்டிலும் குடியிருக்கலாம்தானே, அந்த மாதிரி!

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "அப்படி என்னதான்டா படிக்கிறே?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் விளக்கிச் சொல்ல முடியாமல் முழிப்பேன். இந்த விஷயத்தை மட்டும் அம்மா என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டார். எங்கள் தெரு மகளிர் குழுவின் கணக்கு நோட்டு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நோட்டு தீர்ந்துவிட்டால் ஒரு நாள் வசூலை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவருடைய பாக்கியையும் புது நோட்டில் ஏற்றி, "உன் கணக்கு சரியா பாரு" என்று ஆளாளுக்குக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். "பழைய நோட்டை என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டேன். "ட்ரங்குப் பெட்டியில வைப்போம். மூணு மாசம் யாரும் சண்டைக்கு வரலேன்னாதான் எடைக்குப் போடறது" என்றார். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். சர்வர் மாற்றும் வேலையின் பாதி அந்த ஒரே பதிலில் இருக்கிறது.

மீதிப் பாதி என்ன? புது நோட்டில் கோடுகள் வேறு மாதிரி போட்டிருக்கும் என்பது. அதில்தான் நாம் மாட்டுவோம்.

நம்மில் எத்தனை பேர் ஃபைனல் இயர் ப்ராஜெக்டாக மாணவர் மதிப்பெண் சாஃப்ட்வேர் செய்கிறோம்? அதில் 'ரேங்க்' என்று ஒரு காலம் வைக்காதவர் உண்டா? 5.7-ல் அது சமர்த்தாக வேலை செய்யும். 8.0-ல் 'ரேங்க்' என்பது சர்வர் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட சொல். அந்தப் பெயரைத் தனிக் குறிக்குள் அடைக்காமல் எழுதியிருந்தால் வினவல் பிழை காட்டி நின்றுவிடும். 'குரூப்ஸ்' என்று டேபிளுக்குப் பெயர் வைத்தவர்களுக்கும் இதே கதிதான்.

இதாவது நின்றுவிடுகிறது, பரவாயில்லை. நிற்காமல் தப்பாக ஓடுவதுதான் பயங்கரம். பழைய பதிப்பில் 'குரூப் பை' என்று எழுதினால் விடை தானாகவே வரிசைப்படி வந்து விழும். 'ஆர்டர் பை' எழுதாத சோம்பேறிகள் எல்லாரும் இதை நம்பிக் காலம் தள்ளினார்கள். 8.0-ல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். பிழை எதுவும் காட்டாது. பட்டியல் மட்டும் முன்னே பின்னே வரும். முதல் வரியில் இருப்பவர்தான் முதல் மதிப்பெண் என்று எழுதிய ப்ரோகிராம் யாருக்குப் பரிசு கொடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

எழுத்து விஷயமும் உண்டு. 5.7-ல் நாமாக எதுவும் சொல்லாவிட்டால் எழுத்துத் தொகுப்பு லத்தீன்-1 என்றே இருக்கும். தமிழ்ப் பெயரை உள்ளே போட்டால் கேள்விக்குறியாக வரும், அல்லது உள்ளேயே போகாது. 8.0-ல் ஆரம்பத்திலிருந்தே யூனிகோடு. நமக்கு நல்லதுதான். ஆனால் சர்வரை மாற்றியதால் பழைய டேபிள்கள் தானாக மாறிவிடுவதில்லை. பழையதும் புதியதும் ஒரே டேட்டாபேஸில் கலந்து கிடக்கும். தேடினால் ஒரு பக்கம் கிடைக்கும், மறுபக்கம் கிடைக்காது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, 5.7-ன் ஃபைல்களை ஒருமுறை 8.0 திறந்து தன் பாணிக்கு மாற்றி எழுதிவிட்டால் திரும்பி வர வழியே இல்லை. முன்கூட்டி எடுத்து வைத்த பேக்கப் ஒன்றுதான் கதி. ட்ரங்குப் பெட்டி ஞாபகம் இருக்கட்டும்.

"இதெல்லாம் சின்னக் கம்பெனிகளின் பிரச்சினை, பெரிய ஆட்களுக்கு என்ன?" என்று சிலர் நினைக்கலாம். உலகம் முழுக்க ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் கோடுகளைச் சேர்த்து வைக்கும் கிட்ஹப் நிறுவனத்தில் 1,200-க்கும் மேற்பட்ட மை எஸ்.கியூ.எல். சர்வர்கள். அவற்றை 5.7-லிருந்து 8.0-க்குக் கொண்டுபோக அவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2023 டிசம்பரில் அவர்களே விவரமாக எழுதியிருக்கிறார்கள். முதலில் நகல் சர்வர்களை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அவை சரியாக ஓடுவதைப் பார்த்த பிறகுதான் அவற்றில் ஒன்றைத் தலைமைச் சர்வராக உயர்த்தினார்கள். அப்போதும் 5.7 சர்வர்களை உடனே வீசிவிடவில்லை, திரும்ப வேண்டி வந்தால் இருக்கட்டும் என்று பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள். அம்மாவின் மூன்று மாதக் கணக்கேதான்!

பேக்கப் இருக்கிறது என்று நம்பிக் கெட்ட கதையும் ஒன்று உண்டு. கிட்லேப் என்ற இன்னொரு நிறுவனம் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் வைத்திருந்தது. 2017 ஜனவரி 31 அன்று பராமரிப்பு வேலையின் நடுவே ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டார். சரி, பேக்கப்பை எடுப்போம் என்று போனால் அங்கே ஒன்றுமே இல்லை. காரணம் என்ன தெரியுமா? சர்வர் 9.6 பதிப்பு. பேக்கப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு! பழைய கருவி புது சர்வரைப் படிக்க முடியாமல் ஒவ்வொரு தடவையும் தோற்றிருக்கிறது. எச்சரிக்கைக் கடிதமும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்னால் எடுத்திருந்த ஒரு நகல் இருந்ததால் பிழைத்தார்கள். அந்த ஆறு மணி நேரத்துத் தகவல் போனது போனதுதான். சர்வரின் பதிப்பை மாற்றுகிறவன் அதைச் சுற்றியுள்ள கருவிகளின் பதிப்பையும் பார்க்க வேண்டும் என்று ஆயிரம் தடவை வகுப்பில் சொன்னாலும் இப்படி மனதில் பதியாது.

இப்போது ட்ரெயினிங் போன இடத்துக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை, அதில் ஒரு சர்வர், 5.7 பதிப்பு. யு.பி.எஸ். மேல் 'அணைக்காதீர்கள்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் சாரிடம், "எப்ப சார் மாத்துவீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "ஏம்ப்பா, ஓடுறது கெட்டா என் சம்பளத்துலதான் கை வைப்பாங்க. மாத்திப் பார்க்க இன்னொரு மிஷின் கேட்டு ரெண்டு வருஷமாச்சு, தரமாட்டேங்கிறாங்க" என்றார்.

அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பயப்படுவது புதிய பதிப்பைக் கண்டு அல்ல. ஒத்திகை பார்க்காமல் மேடையேறச் சொல்கிறார்களே, அதைக் கண்டுதான். பழசாகிப் போன ஒரு கம்ப்யூட்டரை மிச்சம் பிடித்து ஊர் ஜனங்களின் விவரங்களையெல்லாம் பூட்டில்லாத வீட்டில் வைத்திருக்கும் முதலாளிமார்தான் பதில் சொல்ல வேண்டும்.

நாளை நம்மில் பாதிப் பேர் போய் உட்காரப்போவது இந்த மாதிரி மாடிப்படி அறைகளில்தான். பெரிய நகரத்தில் புது சாஃப்ட்வேர் எழுதும் வேலை எல்லாருக்குமா கிடைக்கப்போகிறது? ஆனால் லேபில் நாம் படிப்பது என்ன? காலியான டேபிள் உருவாக்கு, நாலு வரி இன்சர்ட் செய், செலக்ட் போடு, அவுட்புட்டை ரெக்கார்டில் எழுது. ஏற்கெனவே நிறைந்து கிடக்கும் ஒரு டேட்டாபேஸை ஒரு பதிப்பிலிருந்து இன்னொரு பதிப்புக்கு ஏற்றிய அனுபவம் டிப்ளமோ முடிக்கும் நாளன்று நம்மில் ஒருவனுக்கும் இருக்காது. வீட்டில் ரெண்டு கம்ப்யூட்டர் உள்ளவன் தானே செய்து பார்த்துக்கொள்வான். ஒன்றுகூட இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு லேப்தான் எல்லாம். சர்வர் உடைந்தாலும் யாருடைய சம்பளமும் போகாத இடம் அது ஒன்றுதான்!

ஆகவே என் கோரிக்கை இது. இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்யும் ஒவ்வொரு குழுவும் தங்கள் ப்ராஜெக்டைப் பழைய பதிப்பில் ஓட்டிக் காட்ட வேண்டும். பிறகு பேக்கப் எடுத்து, அந்த பேக்கப்பை வேறொரு மிஷினில் திறந்து பார்த்து, மை எஸ்.கியூ.எல். ஷெல்லில் இருக்கும் சோதனைக் கருவியை ஓட்டி, அது சொல்லும் குறைகளைத் திருத்திவிட்டு, புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும். அதோடு விடக்கூடாது. வேண்டுமென்றே கெடுத்துவிட்டு, பேக்கப்பிலிருந்து பழைய நிலைக்குத் திரும்பிக் காட்ட வேண்டும். எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று ரெக்கார்டில் எழுத வேண்டும். கம்யூனிட்டி பதிப்பு இலவசம், ஆகவே கல்லூரிக்குச் செலவு கிடையாது. லேப் மூலையில் துணி மூடிக் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்களே இதற்குப் போதும்.

ஹெச்.ஓ.டி. சாரிடம் கொடுக்க மனு தயாராக இருக்கிறது. கையெழுத்துப் போட விரும்பும் நண்பர்கள் மதிய இடைவேளையில் யூனியன் அறைக்கு வரவும். மற்ற பிரிவு நண்பர்களும் வரலாம், மதிப்பெண் பட்டியல் எல்லாருக்கும்தானே வருகிறது!