கம்பி வரைக்கும் போதும்

ஆந்திராவில் பேலம் குகைக்குப் போய் வந்தோம். சுண்ணாம்புப் பாறையை நிலத்தடி நீர் காலங்காலமாகக் கரைத்து உண்டான குகை. மொத்தம் 3,229 மீட்டர். நமக்கு அனுமதி சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான். 46 மீட்டர் ஆழத்தில் பாதாளகங்கை. அங்கே சிற்றோடை ஒன்று பாறைக்குள் புகுந்து மறைகிறது. "கம்பியைத் தாண்டிப் பார்ப்போமா தாத்தா?" என்றான் பேரன். நான் விடவில்லை. "வாத்தியார் பயந்துட்டார்" என்று கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

தாய்லாந்தின் தாம் லுவாங்கும் சுண்ணாம்புக் குகைதான். 2018 ஜூனில் மழைவெள்ளம் வழியை அடைக்க, 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் உள்ளே சிக்கினார்கள். முக்குளிப்பு வீரர்கள் அத்தனை பேரையும் மீட்டார்கள். ஆனால் அவர்களுக்காக காற்று சிலிண்டர் கொண்டுபோய் வைத்துத் திரும்பிய சமன் குனான் இறந்துபோனார். அவர் கடற்படையில் பயிற்சி பெற்றவர்! கிணற்றில் மூச்சு முட்டினால் மேலே வரலாம். குகையில் மேலேயும் பாறை.

நம்ம செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோவில் ஆற்றிலும் கீழே வெயிலடிக்கும்போதே மலைவெள்ளம் வரும். வனத்துறை தடுத்தால் சண்டை போடாதீர்கள்.

வகுப்பில் "பயப்படாதே" என்றே சொல்லிக்கொடுத்தேன். எங்கே நிற்கணும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்: கம்பி வரைக்கும் போதும்.