காகிதத்தை எடைக்குப் போடாதீர்கள்!

பஸ் டிக்கெட், மிட்டாய்த் தாள், கல்யாணப் பத்திரிகை! இவற்றை எல்லாம் ஒரு நோட்டில் ஒட்டி அழகு பார்க்கிறார்கள், இன்றைய கல்லூரிப் பிள்ளைகள். இதற்கு "ஜங்க் ஜர்னல்" என்று பெயர். குப்பை நோட்டு என்று நாம் சொல்லலாம்.

நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் ஒரு வேடிக்கை. குப்பையையும் காசு கொடுத்து வாங்குகிறார்கள்! பழசு போல அச்சடித்த தாள்கள் கட்டுக் கட்டாக விற்பனைக்கு வருகின்றன. எந்த நாட்டிலோ யாரோ போன ரெயில் டிக்கெட்டின் நகல் நம் வீட்டு நோட்டில் எதற்கு?

நம் வீட்டில் காகிதத்துக்கா பஞ்சம்?

கோவையில் 1888-ம் ஆண்டு ஸ்டேன்ஸ் துரையின் பஞ்சாலை வந்தது. பிறகு எத்தனை மில்கள்! மில் சங்கைக் கேட்டுத்தான் ஊரே மணி பார்த்தது. அந்தச் சங்குகள் பல ஓய்ந்துவிட்டன. தேசிய பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகளும் 2020-ல் ஊரடங்கின்போது நின்றன.

ஆனால் தாத்தாவின் சம்பளச் சீட்டு பரண்மேல் டிரங்குப் பெட்டியில் இருக்கும். போனஸ் சீட்டு இருக்கும். நூல் கட்டில் ஒட்டிய படம் போட்ட லேபிள் இருக்கும். கொட்டகையில் வாங்கிய சினிமாப் பாட்டுப் புத்தகமும் இருக்கும். அது நம் கோவை பட்சிராஜா ஸ்டூடியோவில் 1954-ல் எடுத்த "மலைக்கள்ளன்" ஆகக்கூட இருக்கலாம். பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது இவைதான் முதலில் எடைக்குப் போகின்றன. கிடைக்கும் காசில் ஒரு டீ குடிக்கலாம். அவ்வளவுதான்!

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப் பலகை எழுதும் தொழில் செய்தவர். புத்தகங்களோடு நோட்டீசு, அழைப்பிதழ் என்று கிடைத்ததை எல்லாம் சேர்த்தார். 1992-ல் காலமானார். அவர் சேர்த்ததை அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் விலை கொடுத்து வாங்கியது. 1994-ல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் ஏற்பட்டது. அறிஞர்கள் தேடி வருகிறார்கள்.

ஆகவே, நோட்டுப் போடுங்கள். ஆனால் சம்பளச் சீட்டின் முதுகில் பசையைத் தடவிவிடாதீர்கள். பின்னாலும் எழுத்து இருக்கும். தாளின் மூலைகளைச் செருகும்படி நோட்டில் கீறல் போட்டால் போதும். மைதாப் பசைக்குப் பூச்சி வரும். பைண்டு செய்கிறவர்கள் அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

இன்னொன்று. இப்போது மெஷினில் வரும் டிக்கெட்டும் கடை பில்லும் சூட்டில் அச்சாகிறவை. சில வருஷங்களில் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். பக்கத்திலேயே தேதி, ஊர், யாருடன் போனோம் என்று பேனாவால் எழுதுங்கள்.

தாத்தா இருக்கிறாரா? இன்றைக்கே நோட்டோடு பக்கத்தில் உட்காருங்கள். எந்த மில், எந்த ஷிப்டு, முதல் மாதச் சம்பளத்தில் என்ன வாங்கினார் என்று கேளுங்கள்.