ஒரே சாவியோடு வரும் கார்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் டயரைத் தட்டிப் பார்ப்பார்கள். பானெட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். கிலோமீட்டர் கணக்கைச் சந்தேகப்படுவார்கள். விலையில் ஐயாயிரம் குறைக்க அரை மணி நேரம் பேசுவார்கள். “இன்னொரு சாவி எங்கே?” என்று கேட்க மட்டும் மறந்துவிடுவார்கள். எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் கையில் இருப்பது ஒரே சாவி என்பது உறைக்கும்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இது அடிக்கடி வரக்கூடிய பிரச்னை. ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர் தூரம்தான். அங்கே சில வருடங்கள் ஓடிய கார்கள் அத்திப்பள்ளி, ஜூஜூவாடி தாண்டி இங்கே கைமாறி வருகின்றன. இப்போது அந்த வரிசையில் ஹைபிரிட் கார்களும் சேர்ந்துவிட்டன. 2022-ல் அறிமுகமான டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ் மூன்றுமே பெங்களூரு-மைசூரு சாலையில் உள்ள பிடதியில் தயாரானவை. அதே வருடம் வந்த ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டும் இப்போது செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது.

பாக்கெட்டில் போன சாவி

சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்ப்பவர் ஒருவர், மனைவியோடு காரில் பஸ் ஸ்டாப் வரை வருகிறார். கம்பெனி பஸ் வந்ததும் இறங்கி ஏறிவிடுகிறார். மனைவி டிரைவர் சீட்டுக்கு மாறிக் காரை வீட்டுக்கு ஓட்டிச் செல்கிறார். சாவி கணவரின் சட்டைப் பையில்.

பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களில் இது சுலபமாக நடக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி, சாவி விலகிப் போனால் எச்சரிக்கை ஒலி எழுப்பும்; ஆனால் நிற்காது. நடுரோட்டில் நின்றால் ஆபத்து என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போய் அணைத்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அன்றிரவு மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டி வந்தால் கார் வாசலில் நிற்கும், சாவி தொழிற்சாலை லாக்கரில் இருக்கும். ஹைபிரிட் கார் நிற்கும்போது பெரும்பாலும் எஞ்சின் சத்தமே இல்லாததால், வண்டி ஆனில் இருப்பது தெரியாமலே சாவியோடு இறங்கிப் போகிறவர்களும் உண்டு.

கடையில் போட முடியாதா?

பைக் சாவி என்றால் சாவி போடுபவர் ஐந்து நிமிடத்தில் அறுத்துக் கொடுத்துவிடுவார். ஹைபிரிட் கார்களின் ஸ்மார்ட் சாவிக்குள் அதே மாதிரி ஒரு சிறிய உலோகச் சாவியும் இருக்கிறது. அது கதவைத் திறக்கும், அவ்வளவுதான். வண்டியைக் கிளப்புவது சாவிக்குள் இருக்கும் சிப். காரின் கம்ப்யூட்டர் ஒரு ரகசியக் கேள்வி அனுப்பும். சாவி சரியான பதில் சொன்னால்தான் ‘ரெடி’ விளக்கு எரியும். நூறு வோல்ட்டுக்கும் மேல் அழுத்தம் கொண்ட பெரிய பேட்டரியை இணைக்க அதன் பிறகுதான் அனுமதி கிடைக்கும்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் சாவிகள் பார்க்க அச்சு அசலாக இருக்கும். ஆனால் ஜப்பான், அமெரிக்க கார்களின் சாவிகள் பலவும் 315 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும், ஐரோப்பியச் சாவிகள் பலவும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் வேலை செய்பவை. அலைவரிசை மாறினால் காருக்கும் சாவிக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது. வேறொரு காரில் ஏற்கெனவே பதிவான பழைய சாவியும் பெரும்பாலும் உதவாது. அதனால் சேஸ் எண்ணைக் கொடுத்து, அந்தக் காருக்கு உரிய சாவியை வரவழைப்பதே பத்திரம்.

ஒன்று இருக்கும்போதே இரண்டாவது

பதிவான சாவி ஒன்று கையில் இருந்தால் இரண்டாவதைச் சேர்ப்பது சின்ன வேலை. சர்வீஸ் சென்டரில் காரோடு ஒரு கருவியை இணைத்து, பழைய சாவியைக் காட்டி, புதியதைப் பதிவு செய்துவிடுவார்கள். அந்த நேரத்தில் 12 வோல்ட் பேட்டரி பலவீனமாக இருக்கக் கூடாது. ஹைபிரிட்டிலும் கதவு, கம்ப்யூட்டர், சாவிப் பதிவு எல்லாம் அந்தச் சிறிய பேட்டரியை நம்பித்தான்.

இருந்த ஒரே சாவியும் தொலைந்துவிட்டால் கதை வேறு. வண்டியைத் தூக்கிச் செல்லும் லாரி வேண்டும். சக்கரங்கள் தரையில் உருண்டால் மோட்டார் மின்சாரம் தயாரித்துவிடும் என்பதால், ஹைபிரிட் காரைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. பிறகு திருட்டுத் தடுப்பு அமைப்பையே புதிதாக அமைக்க வேண்டியிருக்கும். சில மாடல்களில் பாகமே மாற்ற நேரும். செலவும் காத்திருப்பும் பல மடங்காகும்.

மற்ற சாவி யாரிடம்?

புதிய கார் வாங்கும்போது வழக்கமாக இரண்டு சாவி தருவார்கள். கைமாறும்போது ஒன்றுதான் வருகிறது என்றால் மற்றது எங்கோ இருக்கிறது. முதல் உரிமையாளரின் மேஜை இழுப்பறையில் இருக்கலாம். அவருடைய பழைய டிரைவரிடமும் இருக்கலாம். அது யார் கையில் இருந்தாலும், அந்தச் சாவிக்கு இந்தக் கார் இன்னமும் திறக்கும், கிளம்பும்.

எனவே புதிய சாவி பதிவு செய்யும் அன்றே, கையில் இல்லாத பழைய சாவிகளின் பதிவை நீக்கச் சொல்லிவிடுவது நல்லது. எத்தனை சாவிகள் பதிவில் உள்ளன என்று கேட்டு, அந்த எண்ணிக்கை கையில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா எனப் பார்த்துக்கொள்ளலாம். மிச்சமிருக்கும் ஒரே அபாயம், உலோகச் சாவியால் கதவைத் திறப்பது மட்டும்தான். வண்டியை ஓட்டிச் செல்ல முடியாது.

ஆர்.சி. முதலில், சாவி பிறகு

சர்வீஸ் சென்டர்கள் புதிய சாவி தர ஆர்.சி.யும் அடையாள அட்டையும் கேட்பது வழக்கம். ஆர்.சி. பெங்களூருக்காரர் பெயரிலேயே இருந்தால் அங்கேயே வேலை நின்றுவிடும். கர்நாடகப் பதிவு காருக்குப் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே புதிய பதிவு எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். ஓசூர் என்றால் டி.என். 70, கிருஷ்ணகிரி என்றால் டி.என். 24. விற்றவரோடு தொடர்பு இருக்கும்போதே இவற்றை முடித்துவிட்டால், இரண்டாவது சாவியையும் அவரிடமே தேடிப் பார்க்கச் சொல்லலாம். சாவி எண் பொறித்த சிறு உலோகத் தகடு அவரிடம் இருந்தால் அதையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் இதில் அக்கறை உண்டு. கார் திருடுபோனால் எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் கேள்வி மேல் கேள்வி வரும். “ஒரு சாவி மட்டுமே கொடுத்தேன்” என்று விற்பவரிடம் எழுதி வாங்கியிருந்தால் பதில் சொல்லலாம். சாவி தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிட வேண்டும். சாவி மாற்றுச் செலவுக்கென்று தனி ஆட்-ஆன் பாலிசியும் இருக்கிறது.

வாங்கிய பிறகு

இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோக்கக் கூடாது. தொலைந்தால் இரண்டும் சேர்ந்தே தொலையும். மாற்றுச் சாவியைக் காருக்குள்ளும் வைக்கக் கூடாது. டி.வி., செல்போன் பக்கத்தில் வைத்தால் அதன் பட்டன் பேட்டரி சீக்கிரம் தீரும். பேட்டரி தீர்ந்தே போனாலும் பயமில்லை. உள்ளே இருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறந்து, பிரேக்கை மிதித்தபடி சாவியை ஸ்டார்ட் பட்டனில் ஒட்டினாற்போல் பிடித்து அழுத்தினால் டொயோட்டா உள்ளிட்ட பல கார்கள் கிளம்பிவிடும். மாதத்தில் ஒருநாள் மாற்றுச் சாவியால் வண்டியை எடுத்துப் பார்ப்பதும் நல்ல பழக்கம்.

மாடலைப் பொறுத்து ஸ்மார்ட் சாவியின் விலை ஐந்து இலக்கத்தைத் தொடுவதும் உண்டு. அந்தத் தொகையை வாங்கிய பிறகு புலம்பிக் கட்டுவதைவிட, விலை பேசும்போதே கழித்துக்கொள்வது புத்திசாலித்தனம். டயருக்குக் குறைக்கச் சொல்கிறவர்கள் சாவிக்கும் குறைக்கச் சொல்லலாம்.