உதிர்ந்த கொம்பும் உழவன் அச்சமும்

காட்டோரத்தில் உதிர்ந்து கிடக்கும் மான் கொம்பொன்றைக் குனிந்து எடுத்தவன் குற்றவாளியா? நாட்டிலே தீராத பெரும் பிரச்சினைகள் பல இருக்க, மான் கொம்பைப் பற்றி எழுத வந்துவிட்டீர்களே என்று நகைப்பாரும் உளர். நகைப்போர் நகைக்கட்டும். ரங்கலையிலும் பன்விலையிலும் தெல்தோட்டையிலும் காட்டை அடுத்து வாழும் உழவனையும் தோட்டத் தொழிலாளியையும் கேட்டுப் பார்த்தால், இது நகைப்புக்குரிய செய்தியன்று என்பது விளங்கும். விறகு பொறுக்கச் சென்றவன் விறகோடு விறகாக ஒரு மரைக் கொம்பையும் கொண்டு வருகிறான். வீட்டு வாசலிலே அழகுக்காகத் தொங்க விடுகிறான். அல்லது வீக்கத்துக்கும் வலிக்கும் உரைத்துப் பூசலாமென்று பரணிலே வைக்கிறான். அவன் எந்த உயிரையும் கொல்லவில்லை. எவர் பொருளையும் திருடவில்லை. ஆயினும் அன்று முதல் அவன் சட்டத்தின் பிடிக்குள் வந்துவிடுகிறான். வந்துவிட்டோம் என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

தெரியாமை அவனைக் காப்பாற்றுமா? காப்பாற்றாது. சட்டத்தை அறியேன் என்பது நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் விடையன்று. ஆகவே அறியச் செய்ய வேண்டிய கடமை எவருடையது என்ற கேள்வியை நாம் எழுப்புகின்றோம்.

கொம்பு உதிர்வது எவ்வாறு?

முதலில் உண்மையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் உள்ள கொம்பு வேறு. மானுக்குள்ள கொம்பு வேறு. மாட்டின் கொம்பு உள்ளே எலும்பும் மேலே நகத்தை ஒத்த உறையுமாக ஆயுள் முழுவதும் நிற்பது. மானின் கொம்போ முழுவதும் எலும்பு. மென்மயிர் போர்த்த தோலின் உள்ளே அது வளர்கிறது. வளர்ச்சி முடிந்ததும் அத்தோல் காய்ந்து உரிந்துவிடும். பின்னர் உடலின் சுரப்பு நீர் குறையும் காலத்தில் கொம்பின் அடி தளர்ந்து, கொம்பு தானாகவே கழன்று விழும். மீண்டும் புதுக்கொம்பு முளைக்கும். இலங்கையிலுள்ள மான் இனங்களில் ஆணுக்கு மட்டுமே கொம்பு உண்டு. மரைக்கும் புள்ளிமானுக்கும் ஒவ்வொரு கொம்பிலும் பெரும்பாலும் மூன்று கிளைகள் இருக்கும். குரைக்கும் மான் எனவும் கேளையாடு எனவும் வழங்கும் சிறிய மானின் கொம்பு மிகக் குட்டையானது. சருகுமானுக்குக் கொம்பே இல்லை.

இதிலிருந்து நீதிக்குப் பயன்படும் ஓர் உண்மை கிடைக்கிறது. தானாக உதிர்ந்த கொம்பின் அடிப்பாகம் சற்றே புடைத்துச் சொரசொரப்பாக இருக்கும். மண்டையெலும்பு எதுவும் அதனோடு ஒட்டியிராது. கொன்ற விலங்கின் தலையிலிருந்து வெட்டிய கொம்பிலோ மண்டையெலும்பின் துண்டு இருக்கும். அன்றேல் வாளால் அறுத்த தடம் இருக்கும். அடியைத் திருப்பிப் பார்த்தாலே உதிர்ந்ததா, வெட்டியதா என்பதைப் பயிற்சி பெற்ற கண் கண்டுகொள்ளும். இயற்கையே முத்திரை குத்தி வைத்திருக்கும் இவ்வேறுபாட்டைச் சட்டமும் காணவேண்டும் என்பதே நமது வாதம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமே இன்றும் இந்நாட்டின் காட்டு விலங்குகளுக்குக் காவலாக இருப்பது. 1993 இலும் 2009 இலும் அது திருத்தப்பட்டுக் கடுமையாக்கப்பட்டது. பாதுகாக்கப்பட்ட விலங்கைக் கொல்வது மட்டுமன்றி, அதன் உடலையோ உடலின் பகுதியையோ கைவசம் வைத்திருப்பதும் விற்பதும் அதன்படி குற்றங்களாகும். அனுமதிப் பத்திரமின்றி ஏற்றுமதி செய்வதற்கும் தடை உண்டு. தேசிய வனத்தினுள்ளே கிடப்பதை எடுத்து வருதல் ஆகாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இந்தக் கடுமையை நாம் குறை கூறவில்லை. காரணமின்றி அது பிறக்கவில்லை. 1848 இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், வேட்டை நாய்களைக் கொண்டு மரைகளைத் துரத்திக் கொன்ற கதைகளை 1854 இல் ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார். கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக மலைக்காடுகள் அழிந்தன. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிலே தேயிலை பயிரிட்டதைப் பெருமையோடு நினைவு கூருகின்றோம். அந்நிலங்களில் அதற்கு முன் மேய்ந்த விலங்குகளை எவரும் நினைப்பதில்லை. துரைமார் பங்களாக்களின் சுவர்களிலும் அவர்களுடைய கிளப்புகளிலும் மான் தலைகள் அணிவகுத்தன. அன்று கொன்றவன் வீரனெனப்பட்டான். இன்று பொறுக்கியவன் குற்றவாளி எனப்படுகிறான். அந்த மலையை வெட்டித் திருத்தும் வேலையில் முதுகொடிந்தவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று பொறுக்குகிறவர்கள். வரலாற்றின் இந்த முரணைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

சந்தை வேண்டாம்

அப்படியானால் உதிர்ந்த கொம்பை எவரும் எடுக்கலாம், விற்கலாம் என்று சட்டத்தைத் தளர்த்திவிடலாமா? கூடவே கூடாது. இதில் நமக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

கொம்புக்குத் தேவை பழமையானது. கண்டி இராச்சியத்துக் கைவினைஞர் கத்திப் பிடிகளுக்குத் தந்தத்தையும் கொம்பையும் பயன்படுத்தினர். நம்மவரான ஆனந்த குமாரசுவாமி, கண்டிக் கலைகளைப் பற்றி 1908 இல் வெளியிட்ட பெருநூலில் இத்தொழில்களைப் பதிந்து வைத்திருக்கிறார். சித்த மருத்துவத்திலே கலைமான் கொம்பைச் சுட்டுப் பற்பமாக்கும் முறை உண்டு. தேவை இருக்குமிடத்தில் விலை ஏறும். விலை ஏறுமிடத்தில் சுருக்குக் கம்பியும் துப்பாக்கியும் தலைகாட்டும். வெட்டிய கொம்பின் அடியை அரத்தால் தேய்த்துவிட்டு, உதிர்ந்ததெனச் சாதிக்கும் வியாபாரியை நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அவன் எங்கும் இருக்கிறான். கத்திப் பிடியாகவோ பற்பமாகவோ மாறிய பின்னர், அது உதிர்ந்ததா வெட்டியதா என எந்தக் கண்ணாலும் கூறவியலாது.

சுருக்குக் கம்பி செய்யும் கொடுமையை மலையகம் நன்கறியும். 2020 மே மாதத்தில் நல்லதண்ணித் தோட்டப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று கம்பியிலே சிக்கி, மீட்கப்பட்டும் சில நாள்களில் உயிரிழந்தது. ஒரு விலங்குக்கென வைத்த கம்பி வேறொன்றின் கழுத்தை இறுக்குகிறது. கொம்புக்குச் சந்தை திறந்தால் கம்பிகள் பெருகும் என்பதில் ஐயமில்லை.

இன்னொன்றும் உண்டு. காட்டிலே கிடக்கும் கொம்பு வீணாய்க் கிடப்பதன்று. முள்ளம்பன்றியும் எலியும் மான்களுங்கூட அதனைக் கடித்துத் தின்கின்றன. சுண்ணாம்புச் சத்தும் பொசுபரசுச் சத்தும் அவ்வழியே அவற்றின் உடலுக்குச் செல்கின்றன. எஞ்சியது மண்ணோடு கலக்கிறது. எரு இடும் உழவனுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

பிற நாடுகள்

உலகம் இதனை எவ்வாறு கையாள்கிறது? அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஜாக்சன் என்னும் ஊரையடுத்து, எல்க் என்ற பெருமான்களுக்காக 1912 இல் நிறுவிய தேசியப் புகலிடம் ஒன்று உண்டு. அங்கே உதிரும் கொம்புகளைப் பொதுமக்கள் எடுக்கலாகாது. சாரணச் சிறுவர் மட்டுமே அனுமதியுடன் பொறுக்கிச் சேர்க்கின்றனர். 1968 முதல் ஆண்டுதோறும் ஊர்ச் சதுக்கத்தில் அவை பகிரங்கமாக ஏலம் விடப்படுகின்றன. வருமானத்தின் பெரும்பகுதி அப்புகலிடத்துக்கே திரும்புகிறது. அம்மாநிலத்தின் மேற்குப் பகுதியிலுள்ள பொது நிலங்களிலும் ஜனவரி முதல் ஏப்ரல் முடியக் கொம்பு தேடுதல் தடுக்கப்பட்டிருக்கிறது. குளிரால் மெலிந்த விலங்குகளை மனிதர் கலைத்து ஓட்டக்கூடாது என்பதே காரணம். ஜெர்மனியில் உதிர்ந்த கொம்பு, அந்நிலத்தின் வேட்டையுரிமை உடையவருக்கே சொந்தம். அண்டை நாடான இந்தியாவின் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ மான் கொம்பையும் பெயர் சொல்லியே தன் வரம்புக்குள் கொண்டு வருகிறது.

ஜாக்சனில் உள்ள ஏலத்தை இங்கே கொண்டு வருமாறு நாம் கேட்கவில்லை. அங்குள்ள ஒழுங்கையே பார்க்கச் சொல்கின்றோம். யார் எடுக்கலாம், எங்கே எடுக்கலாம், எப்போது எடுக்கலாம், எடுத்தது எங்கே போய்ச் சேரும் என்ற நான்கு கேள்விக்கும் அவ்வூர்ச் சிறுவன் விடை சொல்வான். நம்மூரில் படித்த பெரியவர் எத்தனை பேர் சொல்வார்கள்?

நமது கோரிக்கை

கண்டி நகரை எடுத்துக்கொள்வோம். தலதா மாளிகைக்குப் பின்னாலேயே உடவத்தகலைக் காடு நிற்கிறது. அரசர் காலத்தில் அரண்மனைக்குரிய வனமாக இருந்து, 1856 இல் ஒதுக்குக் காடாகி, 1938 இல் சரணாலயமானது. குரைக்கும் மான் இன்றும் அங்கே வாழ்கிறது. வடகிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர்; 2010 முதல் அது உலக மரபுரிமைப் பகுதியின் ஓர் அங்கம். அதற்கும் அப்பால் மரையும் புள்ளிமானும் உலவும் வஸ்கமுவ. இவ்வளவு காட்டை அணைத்துக்கொண்டு வாழும் மாவட்டத்தில், கண்டெடுத்த கொம்பை ஒப்படைக்க ஒரு நேர்வழி எளியோன் அறியும்படி இருக்கவேண்டாமா?

மூன்று ஏற்பாடுகளை நாம் கோருகின்றோம். முதலாவது, தன் நிலத்திலோ பாதையிலோ உதிர்ந்த கொம்பைக் கண்டவன், குறித்த நாள்களுக்குள் கிராம உத்தியோகத்தரிடமோ வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடமோ ஒப்படைத்தால் அவன்மீது வழக்கில்லை என்று சட்டத்திலேயே எழுதப்படவேண்டும். ஒப்படைத்ததற்குப் பற்றுச்சீட்டும் தரப்படவேண்டும். இரண்டாவது, சேரும் கொம்புகள் பதிவு செய்யப்பட்டுப் பாடசாலைகளுக்கும் அரும்பொருட்சாலைகளுக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கும் செல்லவேண்டும். சந்தைக்கு ஒன்றும் போகலாகாது. மூன்றாவது, இவை யாவும் தமிழிலே அறிவிக்கப்படவேண்டும். 1987 இல் நிறைவேறிய 13 ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988 இல் வந்த 16 ஆம் திருத்தம் நிர்வாகத்தில் அதன் இடத்தை விரித்துரைத்தது. வர்த்தமானியின் மூலையில் தமிழ் இருப்பதால் மட்டும் அவ்வுரிமை நிறைவேறிவிடாது. காட்டின் வாயிலிலும் தோட்டத்தின் பிரட்டுக் களத்திலும் தமிழ் நிற்கவேண்டும். தண்டனை மட்டும் மொழி பாராமல் வருகிறது. எச்சரிக்கையும் அவ்வாறே வரட்டும்.

இவ்விடயத்தில் தமிழ்ப் படித்தோருக்கும் கடமை உண்டு. கண்டியிலே தொழில் புரியும் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் வைத்தியர்களும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, ஒரு தோட்டத்துக்குச் சென்று இச்சட்டத்தை எடுத்துரைத்தால் என்ன? அரசாங்கத்தைக் கேட்கும் உரிமை, நாம் செய்யக்கூடியதைச் செய்த பின்னரே வலுப்பெறும்.

அதுவரை உழவரும் தொழிலாளரும் கைக்கொள்ள வேண்டியது ஒன்றே. காட்டினுள்ளே கொம்பைக் கண்டால் கண்டு மகிழுங்கள், தொடாது வாருங்கள். உங்கள் தோட்டத்தினுள்ளே கிடந்தால், அது கிடந்த இடத்திலேயே இருக்க, திணைக்கள அதிகாரிக்குச் சொல்லியனுப்புங்கள். பரணிலே பழைய கொம்பு இருந்தால் விற்க முயலாதீர்கள். சட்டமறிந்தவர் ஒருவரைக் கலந்து நடவுங்கள். வாங்க வருபவன் இனிக்க இனிக்கப் பேசுவான். வழக்கு வரும்போது அவன் இருக்கமாட்டான்.

மான் தன் கொம்பைத் தானே உதிர்த்துவிட்டுச் சுமை குறைந்து நடக்கிறது. அது விட்டுச் சென்ற கொம்பு ஓர் ஏழையின் தலையில் சுமையாக ஏறலாகாது.