வளர்ப்புப் பிராணிகளுக்கு வீட்டில் போடும் ஊசி: எமது சங்கத்தின் நிலைப்பாடு

நீரிழிவு கண்ட நாய்க்கும் பூனைக்கும் தினம் இருவேளை இன்சுலின் செலுத்துவதும், சிறுநீரகம் தளர்ந்துபோன கிழப் பூனைக்குத் தோலின் கீழ் சலைன் ஏற்றுவதும் வைத்தியசாலையை விட்டு வீட்டாரின் கைக்கே வந்து சேர்ந்துவிட்ட இக்காலத்தில், எந்த ஊசியை வாங்குவது என்ற விஷயத்தைப் பெரும்பாலும் மருந்துக் கடையின் கையிருப்பும் வீட்டாரின் இரக்கமுமே தீர்மானிக்கின்றன. அதைக் கால்நடை வைத்தியரின் மருந்துச் சீட்டே தீர்மானிக்க வேண்டும் என்பதும், மருந்தின் பெயரை எழுதும் அதே வரியில் சிரிஞ்சின் வகையும் எழுதப்பட வேண்டும் என்பதும் எமது சங்கத்தின் திடமான அபிப்பிராயம்.

ஊசிமுனையின் நயத்தைப் பார்க்குமுன் சிரிஞ்சின் அளவுக்கோட்டைப் பார்த்தாக வேண்டும். நம் தேசத்தில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்ட இன்சுலினும் 100 யூனிட் கொண்ட இன்சுலினும் ஒரே கடையில் கிடைக்கின்றன. முன்னதற்குரிய யு-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடியும், பின்னதற்குரிய யு-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடியும் வழக்கம் என்றாலும், மூடியை நம்பாமல் உடலில் அச்சிட்ட எண்ணைப் படிப்பதே உத்தமம். பிராணிகளுக்கென்றே தயாராகும் கேனின்சுலின் யு-40 வகை. பூனைகளுக்கு வைத்தியர்கள் எழுதித் தரும் கிளார்ஜினோ மனிதருக்கான மருந்து, சாதாரணமாக யு-100. இந்த யு-100 மருந்தை யு-40 சிரிஞ்சில் 2 என்ற கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 5 யூனிட். வேளைக்கு ஒரு யூனிட்டில் சிகிச்சை தொடங்கும் பூனைக்கு அது வலிப்பையும் மரணத்தையும் விளைவிக்கக்கூடிய அளவு. மாறாக, யு-40 மருந்தை யு-100 சிரிஞ்சில் 5 வரை இழுத்தால் 2 யூனிட்டே போய்ச் சேரும். மருந்து பிடிக்கவில்லை என்றெண்ணி அளவைக் கூட்டிக்கொண்டே போய், பின்னொரு நாள் சரியான சிரிஞ்சு கைக்கு வரும்போதுதான் விபரீதம் நேரும். இரண்டரையால் பெருக்கியோ வகுத்தோ சமாளிக்கலாம் என்பாருண்டு. கணக்கில் தவறில்லை, ஆனால் அதிகாலையில் அரைத் தூக்கத்தில் ஊசி போடுகிறவர் எப்போதும் அந்தக் கணக்கை அறிந்தவராகவே இருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. வீட்டில் நீரிழிவுள்ள பெரியவர் இருப்பின், அவருடைய சிரிஞ்சும் பிராணியுடையதும் வெவ்வேறு பெட்டிகளில் இருப்பது அவசியம்.

அளவு மிகச் சொற்பமான பிராணிகளுக்கு அரை யூனிட் கோடுகள் கொண்ட 0.3 மில்லிலிட்டர் சிரிஞ்சை, ஊசி பிரியாமல் பொருந்திய வகையில் வாங்குமாறு பரிந்துரைக்கிறோம். கழற்றி மாட்டும் ஊசியின் கழுத்தில் ஒவ்வொரு முறையும் சிறிது மருந்து தங்கிவிடும்.

மெல்லிய ஊசியே கருணையான ஊசி என்ற எண்ணம் இன்சுலினைப் பொறுத்தவரை சரியே. கேஜ் எண் ஏற ஏற ஊசி மெலியும். 29 முதல் 31 வரையிலான ஊசிகளைப் பெரும்பாலான பிராணிகள் உணர்வதேயில்லை. நீளத்தில்தான் யோசனை வேண்டும். பாரசீகப் பூனையைப் போல் அடர்ந்த ரோமமுள்ளவற்றுக்கு மிகக் குட்டையான ஊசி மருந்தை ரோமத்திலேயே விட்டுவிடலாம், 12.7 மில்லிமீட்டர் ஊசியோ, தூக்கிப் பிடித்த தோல்மடிப்பின் மறுபுறம் வெளிவந்துவிடலாம். இவ்வாறு மருந்து சிந்திவிட்டதாக ஐயம் எழுந்தால், அந்த வேளைக்கு மறுபடி ஊசி போடக்கூடாது; ஒரு வேளை குறைந்தால் சர்க்கரை சிறிது ஏறும், இருமடங்கானால் உயிருக்கே ஆபத்து.

சலைன் விஷயத்தில் அந்த இரக்கமே துன்பமாக முடிகிறது. குழாயின் உள்விட்டம் சிறிது குறைந்தாலும் திரவத்தின் ஓட்டம் பன்மடங்கு குறையும் என்பது பௌதிக நியதி. இளஞ்சிவப்புக் கழுத்துள்ள 18 கேஜ் ஊசியில் சில நிமிஷங்களில் இறங்கிவிடும் 100 மில்லிலிட்டர், நீலக் கழுத்துள்ள 23 கேஜில் சொட்டுச் சொட்டாக இறங்க, பூனையைப் பிடித்திருப்பவரும் பூனையும் ஒருசேரப் பொறுமையிழந்துவிடுகிறார்கள். 18 அல்லது 20 கேஜ் ஊசியைத் துணிந்து வாங்குங்கள். குத்தும் கணத்தின் வலி சற்று அதிகம்தான், ஆனால் அது ஒரு கணமே.

ஒருமுறை உபயோகித்த ஊசியை மறுமுறை உபயோகிப்பதை எமது சங்கம் ஆதரிக்கவில்லை. செலவு குறித்து வீட்டார் சொல்லும் ஆட்சேபம் நியாயமானதே. மாதத்துக்கு அறுபது சிரிஞ்சு என்பது அற்பச் செலவன்று. எனினும் முனை மழுங்கி, வழுக்கிச் செல்வதற்காகப் பூசிய சிலிக்கோன் பூச்சும் தேய்ந்த ஊசி, தோலை நோகச் செய்வதோடு மருந்துக் குப்பிக்குள்ளும் கிருமிகளைக் கொண்டுபோகிறது. ஸ்பிரிட்டால் துடைப்பது எஞ்சிய பூச்சையும் அகற்றிவிடும். கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிக்க வைத்த காலத்து வழக்கத்தை இந்தப் பிளாஸ்டிக் சிரிஞ்சிடம் பிரயோகிப்பதும் வீண்.

உபயோகித்த ஊசிகளை வீட்டளவில் உண்டாகும் அபாயகரமான கழிவு என்றே 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்தன. மூடியை மீண்டும் பொருத்த முயலாமல், திருகு மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் அவற்றைச் சேர்த்துவர வேண்டும். அந்த டப்பாவைக் கட்டணமின்றிப் பெற்றுக்கொண்டு, தமது மருத்துவக் கழிவோடு சேர்த்து அனுப்பும் பொறுப்பை, வீட்டில் ஊசி போடச் சொல்லும் கால்நடை வைத்தியசாலைகளே ஏற்க வேண்டுமென எமது சங்கம் கோருகிறது.